ஆக்சிலேட்டர் திரும்பி வரவில்லை: எண்ணெயா, புதுக் கேபிளா, புது கார்புரேட்டரா?

சித்திரை பிறந்து, பர்மியப் புத்தாண்டுத் திருவிழாவான திஞ்சானின் தண்ணீரும் ஓய்ந்து பத்து நாள் இருக்கும். பர்மாவில் எங்கள் ஊரான மோல்மீனில், சைக்தன்லான் பகோடா இருக்கிற மேட்டிலிருந்து கடைத்தெருப் பக்கம் மோட்டார் சைக்கிளில் இறங்கிக்கொண்டிருந்தேன். பின்னால் சின்னம்மா மகன். இறக்கம் தொடங்கியதும் ஆக்சிலேட்டரை விட்டேன். எஞ்சின் விடவில்லை. அதே உறுமலோடு வண்டியை முன்னால் தள்ளுகிறது. பிடியைக் கையால் முன்பக்கம் திருப்பினேன். தொளதொளவென்று சுற்றியதே தவிர, சத்தம் குறையவில்லை. "அண்ணே, எதுக்குண்ணே இவ்ளோ வேகம்?" என்று அவன் என் தோளைப் பிடித்துக்கொண்டான். பதில் சொல்ல எங்கே நேரம்? சாவியைத் திருப்பி எஞ்சினை அணைத்து, இரண்டு பிரேக்கையும் சேர்த்துப் பிடித்து, ஒரு வாழைப்பழக் கடைக்கு நாலு முழம் முன்னால் நிறுத்தினேன்.

அந்தத் தொளதொளப்பை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். நோய் என்ன என்று வண்டி அந்த நிமிடமே சொல்லிவிட்டது. புரிந்துகொள்ள எனக்குத்தான் மூன்று வாரம் ஆனது.

வண்டி இங்கே எல்லாரும் வைத்திருக்கிற மாதிரிதான். 125 சிசி, ஒரு சிலிண்டர், காற்றையும் பெட்ரோலையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்ப ஒரு கார்புரேட்டர். கைக் கிளச் கிடையாது, எஞ்சினை அணைக்கத் தனிச் சுவிட்சும் கிடையாது. ரங்கூன் நகரத்துக்குள் 2003 முதல் மோட்டார் சைக்கிளுக்குத் தடை என்பதால் அங்கே இருக்கிற சொந்தக்காரர்களிடம் இதைப் பற்றிக் கேட்டால் விழிப்பார்கள். மோல்மீன், தட்டோன், பெகு, மண்டலே பக்கம் இருப்பவர்களுக்கு வண்டிதான் கால். சந்தைக்கு, பள்ளிக்கூடத்துக்கு, ரப்பர் தோட்டத்துக்கு, கோயில் திருவிழாவுக்கு எல்லாம் அதுதான்.

வீட்டுக்குத் தள்ளிக்கொண்டு வந்ததும் யோசனைகள் வந்து குவிந்தன. "கேபிள்ல ரெண்டு சொட்டு எண்ணெய் விடுடா, போதும்" என்றார் மாமா. சாமான் கடைக்காரர் புதுக் கேபிள் போடச் சொன்னார். தெருமுனைப் பட்டறை ஸயா, அதாவது மெக்கானிக், வண்டியைத் தொட்டுக்கூடப் பார்க்காமல், கார்புரேட்டர் போய்விட்டது, புதிதாக மாற்று என்றார். பக்கத்து வீட்டுத் தம்பி, உள்ளே இருக்கிற ஸ்பிரிங்கை மாற்றிக் கெட்டியானதாகப் போட்டால் தானாகத் திரும்பும் என்றான். அவரவர் கையில் இருந்ததை அவரவர் சொன்னார்கள். இந்த நாலையும், யாரும் சொல்லாத ஐந்தாவது வழியையும் நான் வரிசையாகச் செய்தோ விசாரித்தோ பார்த்துவிட்டேன். எதற்கு எப்போது காசு போடலாம் என்பதை இங்கே எழுதுகிறேன். கியாட்டில் விலை எழுதவில்லை. இன்றைக்கு எழுதினால் அடுத்த மாதம் படிப்பவர் சிரிப்பார்.

முதலில், ஓடும்போதே இப்படி ஆகிவிட்டால் என்ன செய்வது என்பதைச் சொல்லிவிடுகிறேன். சாவியை அணைப்பதுதான் எங்கள் வகை வண்டிக்கு நிச்சயமான வழி. அணைத்தால் ஹேண்டில் பூட்டிக்கொள்ளுமோ என்று சிலர் பயப்படுகிறார்கள். பெரும்பாலான வண்டிகளில் ஹேண்டிலை ஒரு பக்கம் முழுக்க ஒடித்து, சாவியை அமுக்கித் திருப்பினால்தான் பூட்டு விழும். அணைப்பது அதற்கு முந்தைய இடம். வண்டி நிற்கும்போது ஒருமுறை செய்து பார்த்துக் கைக்குப் பழக்கிக்கொள்ளுங்கள். கியர் மிதியை அமுக்கியபடியே வைத்திருந்தாலும் கிளச் விலகி இழுப்பு நிற்கும். ஆனால் எஞ்சின் சுமையில்லாமல் கத்து கத்தென்று கத்தும், பயத்தில் காலை எடுத்தால் வண்டி பாயும். சாவிதான் நல்லது. கைக் கிளச் உள்ள வண்டி என்றால் கிளச்சைப் பிடித்துக்கொண்டு அணையுங்கள்.

சரி, இப்போது நோய்க்கு வருவோம்.

இந்த வகைக் கார்புரேட்டருக்குள் நடப்பது மிக எளிது. பிடியைத் திருகினால் கேபிளின் உள்கம்பி இழுபடுகிறது. அதன் நுனியில் ஸ்லைடு என்கிற சின்ன உருளை தொங்குகிறது. அது மேலே ஏறினால் காற்றுக்கு வழி திறக்கிறது, அதோடு ஒட்டியிருக்கிற நீடில் என்கிற ஊசியும் ஏறி அதிகப் பெட்ரோல் விடுகிறது. கையை விட்டால் ஸ்லைடின் தலைமேல் இருக்கிற ஸ்பிரிங் அதைக் கீழே தள்ளுகிறது. பிடியைத் திருப்பிக் கொண்டுவருவதும் அதே ஸ்பிரிங்தான். மேலே கைப்பிடியில் தனியாக ஸ்பிரிங் எதுவும் கிடையாது. ஆகவே ஒட்டிக்கொள்ளக்கூடிய இடம் மூன்றுதான்: பிடி, கேபிள், ஸ்லைடு. இந்த மூன்றில் எது என்று தெரியாமல் சாமான் வாங்குவது, எந்தப் பல் வலிக்கிறது என்று பார்க்காமல் ஒரு பல்லைப் பிடுங்குவது மாதிரி.

கண்டுபிடிக்கக் காசே வேண்டாம். எஞ்சினை அணைத்துவிட்டுப் பிடியை முழுக்கத் திருகி விடுங்கள். 'டக்' என்று திரும்ப வேண்டும். ஹேண்டிலை நேராக வைத்து ஒரு தடவை, இடது பக்கம் முழுக்க ஒடித்து ஒரு தடவை, வலது பக்கம் ஒரு தடவை. ஒரு பக்கம் ஒடித்தால் மட்டும் மந்தமாகத் திரும்பினால் கேபிள் எங்கேயோ நசுங்குகிறது அல்லது தவறான வழியில் போகிறது. எஞ்சின் மெதுவாக ஓடும்போது ஹேண்டிலை ஒடித்தால் சத்தம் ஏறுகிறது என்றாலும் அதே கதைதான். திஞ்சானுக்குப் பிறகு ஹேண்டில் மூடியைக் கழற்றி மாட்டிய வண்டிகளில் இதை நிறையப் பார்க்கலாம். கேபிளைப் பழைய பாதையில் விட்டால் சரியாகிவிடும், செலவில்லை.

அடுத்து, கை என்ன உணர்கிறது என்று பாருங்கள். ஒட்டிய நிலையில் பிடியை முன்பக்கம் திருப்பும்போது இறுக்கமாக, அரைத்துக்கொண்டு வந்தால் பிடியோ கேபிளோதான் காரணம். சும்மா தொளதொளவென்று சுற்றி, எஞ்சின் சத்தம் மட்டும் குறையாவிட்டால் பெரும்பாலும் கேபிளின் மேல் பழி இல்லை. கம்பி தளர்ந்துவிட்டது, ஸ்லைடுதான் இறங்க மறுக்கிறது. நான் முதல் நாளே தவறவிட்டது இதைத்தான். மூன்றாவதாக, வண்டி ஆறியிருக்கும்போதும் சூடாக இருக்கும்போதும் ஒரே மாதிரி ஒட்டுகிறதா என்று கவனியுங்கள். ஆறியபோது நன்றாக இருந்து, அரை மணி நேரம் ஓடியபிறகு மட்டும் ஒட்டினால் சந்தேகம் கார்புரேட்டரின் பக்கம் போக வேண்டும்.

இன்னொன்று உண்டு. பிடி டக்கென்று திரும்பும், ஸ்லைடும் இறங்கும், ஆனால் எஞ்சின் வேகம் மட்டும் மெல்ல மெல்லத்தான் குறையும். இது ஒட்டுவதே இல்லை. கார்புரேட்டருக்கும் எஞ்சினுக்கும் நடுவே எங்கேயோ காற்று கசிகிறது, அல்லது ஐடிலிங் ஸ்க்ரூவை (கையை விட்டபின் எஞ்சின் ஓடும் வேகத்தை வைக்கிற திருகு) யாரோ அதிகமாக ஏற்றி வைத்திருக்கிறார்கள். இதற்குப் போய்க் கேபிள் மாற்றியவர்களை எனக்குத் தெரியும்.

மாமாவின் எண்ணெயிலிருந்து தொடங்குகிறேன். விலை மலிவு, செய்வதும் எளிது, சில சமயம் பலனும் உண்டு. கேபிளின் மேல்நுனியைப் பிடியிலிருந்து கழற்றி, ஒரு பிளாஸ்டிக் பையின் மூலையைச் சின்னதாக வெட்டி, அதைப் புனல் மாதிரி கேபிள் வாயில் சுற்றிக் கட்டிவிட வேண்டும். பைக்குள் தையல் மெஷின் எண்ணெய் இரண்டு கரண்டி. கீழ்நுனியைக் கார்புரேட்டரிலிருந்து கழற்றி ஒரு டப்பாவுக்குள் தொங்கவிட்டு ராத்திரி முழுக்க அப்படியே வைத்தால், காலையில் டப்பாவில் கறுப்பும் செம்மண் நிறமுமாக ஒரு கஷாயம் இறங்கியிருக்கும். எனக்கு இறங்கியது. செம்மண் நிறம் துரு. திஞ்சானில் நாலு நாள் ஊரே பீய்ச்சிய தண்ணீர் உள்ளே போய் உட்கார்ந்திருக்கிறது.

இதில் இரண்டு தவறுகள் சகஜம். ஒன்று, கெட்டியான கிரீஸை உள்ளே தள்ளுவது. வெயில் காலத்தில் செம்மண் புழுதியோடு சேர்ந்து அது களிம்பாகிவிடும், முன்பைவிட மோசமாக இறுகும். இரண்டு, துருவை விடுவிக்கிற ஸ்பிரேயை அடித்துவிட்டு வேலை முடிந்தது என்று நினைப்பது. அது அழுக்கைக் கழுவும், ஈரத்தை விரட்டும், ஆனால் எண்ணெயாக நெடுநாள் நிற்காது. அதை அடித்தால் பின்னாலேயே எண்ணெயும் விட வேண்டும். உள்ளே நைலான் குழாய் வைத்த கேபிள்களுக்கு எண்ணெய் அதிகம் தேவைப்படுவதே இல்லை. அந்த வகை ஒட்டினால் நைலான் தேய்ந்துவிட்டது அல்லது வெந்துவிட்டது என்று அர்த்தம், எண்ணெய் அதைத் திருப்பித் தராது.

எண்ணெய் விட்டபின் என் வண்டி நாலு நாள் நன்றாக ஓடியது. மாமாவுக்கு ஒரே பெருமை. அந்த நாலு நாளும் நான் சந்தைக்கும் வீட்டுக்குமாக ஐந்து நிமிட ஓட்டம்தான் ஓட்டினேன் என்பது பின்னால்தான் உறைத்தது. ஐந்தாம் நாள் முடோன் சாலையில் அந்தப் பெரிய சயன புத்தர் இருக்கிற பக்கம் போய்த் திரும்பும்போது மறுபடியும் அதே உறுமல்.

அப்புறம் சாமான் கடைக்காரர் பேச்சைக் கேட்டுப் புதுக் கேபிள் வாங்கினேன். என் நோய்க்கு அது மருந்து இல்லை என்றாலும், பொதுவாக எண்ணெய்க்கும் புதுக் கேபிளுக்கும் நடுவே ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் நான் கேபிளைத்தான் சொல்வேன். உள்கம்பியின் நுனியில், அந்த ஈயக் குண்டு மாதிரி இருக்கிற நிப்பிளுக்குப் பக்கத்தில், விரலை வைத்துத் தடவிப் பாருங்கள். ஒரே ஒரு இழை அறுந்து முள்ளாகக் குத்தினாலும் எண்ணெய் பேச்சே வேண்டாம். அந்த இழை உறைக்குள் போய்ச் சொருகிக்கொண்டு ஆக்சிலேட்டரைத் திறந்த நிலையிலேயே நிறுத்திவிடும். மேலுறை வெடித்து உள்ளே இருக்கிற சுருள் தெரிந்தாலும் அப்படியே. மோல்மீனில் ஆண்டுக்கு 4,500 மில்லிமீட்டருக்கு மேல் மழை. வைகாசியில் வெடித்த உறை ஆவணிக்குள் துருக்குழாய் ஆகிவிடும். இங்கே கேபிளை பிரேக் கட்டை மாதிரி, தேய்ந்து தீர்கிற சாமானாகத்தான் பார்க்க வேண்டும்.

வாங்கும்போது பழையதைக் கையோடு எடுத்துப்போங்கள். மேலுறை நீளம் மட்டும் ஒன்றாக இருந்தால் போதாது, உறைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கிற கம்பியின் நீளமும் ஒத்துப்போக வேண்டும். ஒரு விரல்கடை வித்தியாசம் இருந்தாலும் ஸ்லைடு முழுக்க இறங்காது, அல்லது முழுக்க ஏறாது. மாட்டியபின் பிடியில் கொஞ்சம் தளர்வு விட வேண்டும். ஹோண்டா போன்றவர்களின் கையேடுகளில் பிடியின் விளிம்பில் அளந்து 2 முதல் 6 மில்லிமீட்டர் என்று போட்டிருக்கும். தளர்வே இல்லாமல் முறுக்கி வைத்தால் ஹேண்டிலை ஒடிக்கும்போது வண்டி தானாக வேகம் எடுக்கும். தெருவில் நின்றபடி வண்டியைத் திருப்பும்போது பாய்ந்து சுவரில் முட்டியது என்று கேள்விப்பட்டால் நான் முதலில் கேட்பது இதைத்தான்.

மியாவடி வழியாக வரும் தாய்லாந்துச் சாமானா, முசே வழியாக வரும் சீனாச் சாமானா என்று கேட்பார்கள். எல்லைச் சாலை திறந்திருக்கிற மாதத்தில் தாய்லாந்துக் கேபிள் கிடைத்தால் இரண்டாக வாங்கி ஒன்றைச் சீட்டுக்கு அடியில் சுருட்டி வைப்பது என் வழக்கம். சாலை மூடிய மாதத்தில் கிடைத்ததை வாங்கிக்கொள்ள வேண்டியதுதான். எதுவானாலும் கடையிலேயே மேலுறையை நன்றாக வளைத்துப் பிடித்து உள்கம்பியை இழுத்துப் பாருங்கள். பட்டு மாதிரி ஓட வேண்டும். நறநற என்றால் அடுத்ததை எடுத்துக் கொடுக்கச் சொல்லுங்கள்.

பிடியைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. விழுந்த வண்டியில் ஹேண்டில் நுனி வளைந்து பிடியின் குழாயை உரசலாம். புது ரப்பர் மாட்டும்போது அதிகமாக உள்ளே தள்ளிவிட்டால் அது சுவிட்ச் பெட்டியைக் கவ்வும். குழாயைக் கழற்றி, மண்ணைத் துடைத்து, ஹேண்டில் கம்பியை வழவழப்பாக்கி மாட்டினால் முடிந்தது.

கெட்டி ஸ்பிரிங் யோசனையை நான் ஒரு வரியில் தள்ளிவிடுகிறேன்: வேண்டாம். எங்கே ஒட்டுகிறதோ அது அங்கேயே இருக்கும், நீங்கள் அதை முரட்டுத்தனமாக அமுக்குகிறீர்கள், அவ்வளவுதான். கேபிள் சீக்கிரம் அறுகிறது, நீண்ட தூரம் போனால் மணிக்கட்டு கடுக்கிறது. பழைய ஸ்பிரிங் துருப்பிடித்து அல்லது குறுகிப்போயிருந்தால் அதே அளவில் புதிது போடுங்கள், அது நியாயம். பக்கத்து வீட்டுத் தம்பி இன்னும் இதை ஒத்துக்கொள்ளவில்லை.

இனி நிஜமான போட்டி. கார்புரேட்டரைக் கழற்றிச் சரிசெய்வதா, புதிது வாங்குவதா?

புதுக் கேபிளும் போட்டு, அதன்பின்னும் சூட்டில் ஒட்டிய அன்று மத்தியானம் நான் ஸ்பானரை எடுத்துத் திண்ணையில் உட்கார்ந்தேன். அம்மா சாமி மாடத்து விளக்கை அணைத்துவிட்டுத்தான் பெட்ரோல் குழாயைக் கழற்றவிட்டார். அது சரியான கட்டளை. நீங்களும் அடுப்பு, விளக்கு, சிகரெட் எதுவும் இல்லாத இடத்தில் செய்யுங்கள்.

கார்புரேட்டர் தலைமூடியைத் திருகினால் கேபிளோடு ஸ்லைடும் ஸ்பிரிங்கும் நீடிலும் ஒரு கொத்தாக வெளியே வரும். ஸ்பிரிங்கை விரலால் மேலே அமுக்கிப் பிடித்து, நிப்பிளை ஸ்லைடின் பிளவு வழியாக நழுவவிட்டால் ஸ்லைடு கையில் வந்துவிடும். நீடிலைப் பிடித்திருக்கிற சின்னத் தகடு குதித்து ஓடக்கூடியது. கீழே ஒரு வெள்ளைத் துணியை விரித்துக்கொள்ளுங்கள். அதை வாசல் மணலில் தேடிய அனுபவம் எனக்கு உண்டு. நீடிலின் கிளிப் எந்தக் காடியில் இருக்கிறது என்பதைப் பார்த்து ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், அல்லது போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

இப்போது முக்கியமான சோதனை. ஸ்லைடையும் அது ஓடும் துளையையும் பெட்ரோலில் நனைத்த பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவித் துடையுங்கள். ஸ்பிரிங் இல்லாமல், கேபிள் இல்லாமல், வெறும் ஸ்லைடை மட்டும் சரியான பக்கமாகத் துளைக்குள் விடுங்கள். தன் கனத்திலேயே டக்கென்று அடியில் போய் விழ வேண்டும். கவிழ்த்தால் கையில் வந்து விழ வேண்டும். கழுவியதுமே இப்படி விழ ஆரம்பித்துவிட்டால் உங்கள் வண்டியின் நோய் பிசின்தான். நாள்கணக்கில் ஓடாமல் நின்ற வண்டியில் பெட்ரோல் வற்றி மஞ்சளாக, வார்னிஷ் மாதிரி படிந்துவிடும். ரோட்டோரத்துப் பாட்டில் பெட்ரோலே போட்டு ஓட்டுகிறவர்கள், ஏர் ஃபில்டர் கிழிந்ததைக் கவனிக்காதவர்கள் வண்டியில் நுண்மணலும் சேர்ந்திருக்கும். செலவு ஒரு பாட்டில் பெட்ரோல், ஒரு மணி நேரம். புது கார்புரேட்டர் வாங்கச் சொன்ன ஸயாவிடம் சிரித்துக்கொண்டே போய் டீ குடிக்கலாம்.

எனக்கு அப்படி நடக்கவில்லை. கார்புரேட்டர் எஞ்சினில் மாட்டியிருக்கும்போது ஸ்லைடு பாதியில் நின்றது. ஸ்லைடை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன். ஒரு பக்கத்தில் மட்டும், நகத்தின் அகலத்துக்கு, கண்ணாடி மாதிரிப் பளபளவென்று ஒரு தேய்ப்பு. எதிர்ப்பக்கத்திலும் அதே மாதிரி இன்னொன்று. மற்ற இடமெல்லாம் மங்கலாக இருந்தது. வட்டமான துளைக்குள் வட்டமான உருளை ஓடினால் தேய்ப்பு சுற்றிலும் பரவலாக இருக்கும். இரண்டு எதிர்ப்பக்கத்தில் மட்டும் என்றால் துளை வட்டமாக இல்லை, நசுங்கி முட்டை வடிவத்துக்குப் போயிருக்கிறது.

ஏன் நசுங்கியது? எஞ்சினோடு கார்புரேட்டரைப் பிடித்திருக்கிற இரண்டு நட்டிலும் ஸ்பானரைப் போட்டேன். முழு பலத்தையும் கொடுத்தால்தான் அசைந்தது. திஞ்சான் இரண்டாம் நாள் வண்டி தண்ணீர் குடித்து நின்றபோது ஒரு பட்டறையில் கார்புரேட்டரைக் கழற்றி வடித்து மாட்டினார்கள். மாட்டியவர் தன் பலம் முழுவதையும் அந்த இரண்டு நட்டில் காட்டியிருக்கிறார். கார்புரேட்டர் உடம்பு மெல்லிய வார்ப்பு உலோகம். நடுவில் ரப்பர் வளையம் தடுத்து நிற்க, நட்டு பிடிக்கிற இரண்டு காதுகளையும் எஞ்சின் பக்கம் இழுத்தால், எஞ்சினோடு ஒட்டுகிற தட்டையான முகம் வில்லாக வளையும், அதோடு ஸ்லைடு ஓடும் துளையும் நெளியும். ஆறியிருக்கும்போது எப்படியோ தப்பி ஓடும் ஸ்லைடு, சூடேறி விரிந்ததும் பிடித்துக்கொள்கிறது. இது புது நோயும் இல்லை. பழைய பிரிட்டிஷ் மோட்டார் சைக்கிள்களில் வந்த அமால் கான்சென்ட்ரிக் கார்புரேட்டர்கள் இதற்கு உலகம் முழுக்கப் பேர் போனவை. அந்த வண்டி வைத்திருந்த தாத்தாக்களிடம் கேட்டால் நட்டை இறுக்காதே என்றுதான் முதலில் சொல்வார்கள்.

இரண்டு நட்டையும் அரைச் சுற்று தளர்த்தினேன். ஸ்லைடைத் துளைக்குள் விட்டேன். டக். மறுபடி இறுக்கினேன், நின்றது. தளர்த்தினேன், விழுந்தது. மூன்று தடவை செய்து பார்த்துவிட்டு மாமாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் ஒரு தடவை தானே செய்து பார்த்துவிட்டு, எண்ணெயும் விட்டதுனாலதான் இவ்வளவு வழவழப்பா விழுது என்றார். விட்டுவிட்டேன்.

இதைச் சரிசெய்ய ஒரு கண்ணாடித் துண்டும் நைஸ் எமரித் தாளும் போதும். முகத்தில் ஸ்டீல் ஸ்கேலை நிறுத்தி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் எங்கே இடைவெளி என்று தெரியும். தாளைக் கண்ணாடிமேல் விரித்து, ரப்பர் வளையத்தை எடுத்துவிட்டு, கார்புரேட்டர் முகத்தை அதன்மேல் எட்டு போடுகிற மாதிரி மெதுவாகத் தேய்க்க வேண்டும். முகம் முழுக்க ஒரே நிறமாகும்வரை போதும். வளையம் உட்காரும் பள்ளம் ஆழம் குறையும் அளவுக்குத் தேய்த்துவிடாதீர்கள். பெட்ரோலில் நன்றாகக் கழுவி, புது ரப்பர் வளையம் போட்டு, நட்டுகளை மாறி மாறிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கவும். ஸ்பானரின் நுனியைப் பிடிக்காமல் நடுவில் பிடித்து இறுக்கினால் அளவு தவறாது.

செய்யக்கூடாதது ஒன்று: எமரித் தாளை ஸ்லைடின் மேலோ துளைக்குள்ளோ போடாதீர்கள். ஒட்டுகிறது என்று ஸ்லைடைத் தேய்த்தால் அன்றைக்குச் சரியாகும். பிறகு இடைவெளி அதிகமாகிக் காற்று கசிந்து, ஐடிலிங் ஒருநாளும் நிலையாக நிற்காது. ஸ்லைடுக்கு எண்ணெய், கிரீஸ் பூசுவதும் வேண்டாம். பெட்ரோல் அதைக் கழுவிவிடும். கழுவும்வரை புழுதியை இழுத்து ஒட்டிவைக்கும். திருப்பி மாட்டும்போது ஸ்லைடின் பக்கம் மாறாமல் பாருங்கள். வெட்டுள்ள பக்கம் ஏர் ஃபில்டரை நோக்கி இருக்க வேண்டும், காடி உள்ளே இருக்கிற முள்ளில் உட்கார வேண்டும். பக்கம் மாறி அமுக்கினால் ஸ்லைடு இறங்காமல் நிற்கும், ஸ்டார்ட் செய்ததும் எஞ்சின் முழு வேகத்தில் அலறும். மாட்டி முடித்ததும் எஞ்சினை ஓட்டும் முன்பே பிடியைப் பத்துத் தடவை திருகி, டக் சத்தம் கேட்கிறதா என்று பார்ப்பது இதனால்தான்.

அப்படியானால் புது கார்புரேட்டர் எப்போது? ஸ்லைடைப் பாதி தூரத்தில் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டிப் பாருங்கள். கடகடவென்று ஆடினால் தேய்ந்துவிட்டது. ஓட்டத்தில் ஆக்சிலேட்டரை மூடும்போது எஞ்சின் உறிஞ்சும் இழுப்பு அந்தத் தளர்ந்த ஸ்லைடை ஒரு பக்கமாகச் சாய்த்துப் பிடித்துக்கொள்ளும். கழுவினாலும் முகம் தேய்த்தாலும் இதற்குப் பயனில்லை. துளைக்குள் ஆழமான கீறல் இருந்தாலும், மழைத் தண்ணீர் நின்று உள்ளே வெள்ளைப் பூஞ்சை மாதிரி அரித்திருந்தாலும் அப்படியே. பத்து வருடம் ஓடிய வண்டிக்கு இது நியாயமான செலவு.

ஆனால் ஒன்று தெரிந்துகொண்டு வாங்குங்கள். புது கார்புரேட்டர் வாங்கினால் ஒட்டும் நோய் போகும், ட்யூனிங் வேலை வரும். பெட்டியில் 125 சிசி என்று அச்சடித்திருப்பதை நம்பாமல் காற்று வாயின் அளவு, நட்டு ஓட்டைகளின் இடைவெளி, சோக் நெம்புகோல் எந்தப் பக்கம் என்பதைப் பழையதோடு வைத்து ஒப்பிடுங்கள். பெட்ரோல் வருகிற துளை உள்ள மெயின் ஜெட் என்கிற சின்னத் திருகில் பொறித்திருக்கும் எண்ணையும் பாருங்கள். வேறாக இருந்தால் பழைய கார்புரேட்டரின் ஜெட்டைக் கழற்றி, பொருந்தினால் புதியதில் போடலாம். இதைச் செய்யாமல் மாட்டினால் பெட்ரோல் அதிகம் குடிக்கும் அல்லது எஞ்சின் சூடேறி இழுப்பு போகும். கேபிளைப் போலப் பல மடங்கு விலை, அதன்மேல் இந்த அலைச்சல். அதனால்தான் இதைக் கடைசியில் வைக்கிறேன். பழையதைத் தூக்கிப் போடவும் வேண்டாம். ஜெட், ஃப்ளோட், ஸ்க்ரூ எல்லாம் பிறகு கைகொடுக்கும்.

இரண்டு, நாலு கார்புரேட்டர் உள்ள பெரிய வண்டிக்காரர்கள் இதை அப்படியே பின்பற்றக்கூடாது. அவற்றில் பலவற்றில் கேபிள் நேராக ஸ்லைடை இழுப்பதில்லை. பட்டாம்பூச்சி மாதிரித் திரும்புகிற தகடு ஒன்றைச் சுற்றுகிறது. ஸ்லைடு எஞ்சினின் உறிஞ்சலில், மெல்லிய ரப்பர் சவ்வின் உதவியால் தானாக ஏறி இறங்குகிறது. அங்கே ஒட்டுவது பெரும்பாலும் கார்புரேட்டர்களை இணைக்கிற தண்டிலும் நெம்புகளிலும்தான். சவ்வின் மேல் கார்ப் கிளீனர் ஸ்பிரே பட்டால் ரப்பர் ஊதிக் கெடும். அவற்றில் திறக்க ஒன்று, மூட ஒன்று என்று இரண்டு கேபிள்கள் இருப்பது ஒரு நல்ல விஷயம்: ஒட்டினால் கையால் இழுத்து மூட முடியும். எங்கள் சின்ன வண்டிகளில் அந்த வசதி இல்லை, ஸ்பிரிங்கை நம்பித்தான் பிழைப்பு. பெரிய வண்டியில் கார்புரேட்டர்களைப் பிரித்தால் மறுபடி ஒன்றோடொன்று ஒத்திசைக்க வேண்டும், அதற்குக் கருவி வேண்டும். தெரிந்தவரிடம் கொடுப்பதே மலிவு.

எனவே, யார் எதைச் செய்யலாம்? தினமும் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விடுகிற, கருவி எதுவும் இல்லாதவர் என்றால் சோதனையை மட்டும் வீட்டில் செய்துவிட்டு, புதுக் கேபிளுக்குக் காசு எடுத்து வையுங்கள். பிடி தொளதொளவென்று சுற்றினால் மட்டும் பட்டறைக்குப் போய், கழற்றிக் கழுவு, நட்டை மெதுவாக இறுக்கு என்று கேளுங்கள். மாற்று என்று சொன்னால் ஸ்லைடை ஆட்டிக் காட்டச் சொல்லுங்கள். வண்டியை வைத்துப் பிழைக்கிறவர், சாமான் ஏற்றுகிறவர் எண்ணெய் வைத்தியத்தில் நாள் கடத்தக் கூடாது. கேபிள் எப்போதும் சீட்டுக்கு அடியில் ஒன்று இருக்கட்டும், வருடத்துக்கு ஒருமுறை, மழைக்கு முன்பு, ஸ்லைடைக் கழுவிவிடுங்கள். விடுமுறைக்கு மட்டும் வண்டி எடுக்கிறவர்களுக்குப் பிசின்தான் எதிரி. நிறுத்தி வைக்கும் முன் கார்புரேட்டர் அடியில் இருக்கிற வடிகால் ஸ்க்ரூவைத் திறந்து பெட்ரோலை வடித்துவிட்டால் பாதித் தொல்லை குறையும்.

நான் முகம் தேய்த்து மாட்டிய மறுநாள், சின்னம்மா மகனையே பின்னால் ஏற்றிக்கொண்டு முடோன்வரை போய் வந்தேன். வண்டி நன்றாகச் சூடானதும் சைக்தன்லான் மேட்டில் ஏறி, அதே இறக்கத்தில் கையை விட்டேன். சத்தம் சட்டென்று அடங்கியது. அவன் மட்டும் தோளை விடவில்லை. வாழைப்பழக் கடை தாண்டியபிறகுதான் விட்டான்.